சோகாவின் மகாரி: தீட்டின் வேரைத் தொட்ட சோயராபாய்

மராத்திய இசை மேடைகளில் இன்றும் விரும்பிக் கேட்கப்படும் அபங்கம் ஒன்று உண்டு. எல்லா நிறங்களும் ஒரே நிறமாகி, நான் என்றும் நீ என்றும் இருந்த பிரிவு மறைந்து, வேற்றுமைக்கு வேலையே இல்லாமல் போன நிலையைப் பாடுவது அது. இந்துஸ்தானி இசையின் பெரும் பாடகி கிஷோரி அமோன்கரின் குரலில் அப்பாடல் மராட்டியத்தின் எல்லையைக் கடந்து பரவியது. கேட்போர் அதன் ராகத்தில் கரைகின்றனர். பாடலின் கடைசி அடியில் அதை இயற்றியவரின் முத்திரை வருகிறது. அந்த இடத்தில் ஒரு பெண்ணின் இயற்பெயர் இல்லை. சோகாவின் மகாரி என்று மட்டும் இருக்கிறது.

மகாரி என்பது மகர் சாதிப் பெண்ணைக் குறிக்கும் சொல். எல்லா நிறமும் ஒன்றாகிவிட்டது என்று பாடிய பெண், அதே பாடலின் முடிவில் தம் சாதியின் பெயரை வைக்கிறார். வேற்றுமை ஒழிந்த உலகைக் கனவு கண்டவர், வேற்றுமை ஒழியாத ஊரில் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை மறைக்கவில்லை. அந்த மகாரியின் பெயர் சோயராபாய். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவரைச் சோகாமேளரின் மனைவி என்று பக்தி இலக்கிய நூல்கள் அறிமுகம் செய்கின்றன. நாம் அவரைச் சிந்தனையாளராக அறிமுகம் செய்ய விரும்புகிறோம். தீண்டாமைக்கும் பெண்ணடிமைக்கும் பொதுவான வேர் எது என்று ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டவர் அவர்.

ஊருக்கு வெளியே ஒரு குடும்பம்

சோயராபாய் வாழ்ந்த மங்கள்வேடா, இன்றைய மராட்டியத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில், பண்டரிபுரத்துக்கு அருகில் உள்ள ஊர். அவர் கணவர் சோகாமேளர், இன்றைய புல்டாணா மாவட்டத்தின் மேகுணராஜா என்ற ஊரில் பிறந்தவர் என்பது மரபு. சோகாமேளரின் தங்கை நிர்மலா. நிர்மலாவின் கணவர் பங்கா. பங்கா, சோயராபாயின் உடன்பிறந்தவர். சோயராபாய்க்கும் சோகாமேளருக்கும் பிறந்த மகன் கர்மமேளர். இந்த ஐவருமே கவிஞர்கள். ஐவரின் பாடல்களும் இன்று நமக்குக் கிடைக்கின்றன. எழுத்தும் கல்வியும் மறுக்கப்பட்ட ஒரு சாதியில், ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள் சேர்ந்து ஓர் இலக்கியத்தை உருவாக்கியிருப்பது இந்திய வரலாற்றில் அரிய நிகழ்வு. அந்த ஐவரில் இருவர் பெண்கள் என்பது அதனினும் அரியது.

மராட்டிய ஊர்களின் அமைப்பில் மகர்களின் இருப்பிடம் ஊருக்கு வெளியே இருந்த மகர்வாடா. தமிழ்ச் சூழலில் ஊர், சேரி என்ற பிரிவை அறிந்த நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இறந்த மாடுகளை அப்புறப்படுத்துவது, ஊர் எல்லையைக் காப்பது, எல்லைத் தகராறுகளில் சாட்சி சொல்வது, செய்தி சுமப்பது, சாவுச் செய்தியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோவது, சுடுகாட்டுக்கு விறகு சேர்ப்பது என ஊரின் எல்லாக் கடினமான வேலைகளும் அவர்கள் தலையில் இருந்தன. ஊருக்கு ஊழியம் செய்யும் சாதிகளுக்கு விளைச்சலில் கொடுக்கப்படும் பங்குக்குப் பலுத்தா என்று பெயர். மகர்களுக்குக் கிடைத்த பங்கில் வீடுவீடாகச் சென்று வாங்கும் மீந்த சோறும் அடக்கம். அந்தச் சோற்றைத் தம் உரிமை என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு ஒரு சமூகம் தள்ளப்பட்டிருந்தது.

இந்த வாழ்க்கையின் சுமையில் பெரும்பகுதி பெண்கள் மீதே விழுந்தது. ஆண் ஊர்வேலைக்குப் போனால், வீட்டில் அடுப்பெரிய வேண்டியதற்கான எல்லாவற்றையும் தேடிச் சேர்ப்பவள் பெண். சோயராபாயின் கவிதை பிறந்தது இந்த அடுப்படியில்தான். கோயிலின் கருவறையோ மடத்தின் பாடசாலையோ அவருக்குத் திறந்ததில்லை.

பாடலில் சமம், படியில் இல்லை

அவர் காலத்து மராட்டியத்தில் வார்க்கரி இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. பண்டரிபுரத்து விட்டலனை நோக்கி ஆண்டுதோறும் நடந்து செல்லும் எளிய மக்களின் பக்தி மரபு அது. 1290இல் ஞானேஸ்வரர் பகவத்கீதைக்கு மராத்தியில் உரை பாடினார். சமஸ்கிருதத்தின் பூட்டை உடைத்த அந்த நிகழ்வுக்குப் பின், தையற்காரர் குலத்து நாமதேவர், குயவர் கோரா, தோட்டக்காரர் சாவதா, நாவிதர் சேனா எனப் பல சாதிகளின் கவிஞர்கள் மக்கள் மொழியில் பாடினர். ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு சொல்வளம். குயவரின் பாட்டில் மண்ணும் தோட்டக்காரரின் பாட்டில் கீரைப் பாத்தியும் வந்தன.

ஆயினும் இந்தச் சமத்துவத்துக்கு ஓர் எல்லை இருந்தது. குயவரும் தையற்காரரும் கோயிலுக்குள் சென்று விட்டலனைக் காண முடிந்தது. சோகாமேளரால் முடியவில்லை. சாதியை மறந்து ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்ட அடியார்கள், கோயில் வாசலை அடைந்ததும் அவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே சென்றனர். சோகாமேளரை விட்டலனே கருவறைக்குள் அழைத்துச் சென்றதாகவும், அதை அறிந்த கோயிலார் அவரை ஊரைவிட்டு விலக்கியதாகவும், ஆற்றின் மறுகரையில் அவர் வாழ்ந்ததாகவும் மரபுக்கதை சொல்கிறது. கதைக்குள்ளும் விட்டலனால் அவரை ஓரிரவுக்கு மேல் உள்ளே வைத்திருக்க முடியவில்லை. கடவுளின் விருப்பத்தைவிடக் கோயிலாரின் விதி வலியது என்பதே இக்கதை தன்னையறியாமல் சொல்லும் உண்மை.

கணவருக்கே வாசல் எல்லையானால், மனைவிக்கு? சாதியால் வெளியே நிறுத்தப்பட்ட பெண், பெண் என்பதால் மேலும் சில அடிகள் பின்னால் நிறுத்தப்படுகிறாள். அந்த இடத்திலிருந்து பார்த்தபோது சோயராபாய்க்குத் தெரிந்தவை, முன்வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

முத்திரையில் ஒரு சாதிப்பெயர்

அபங்கத்தின் இறுதியில் கவிஞர் தம் பெயரைப் பதிப்பது மரபு. ஞானேஸ்வரரின் தங்கை முக்தாபாய் தம் பெயரையே பதித்தார். நாமதேவரின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த ஜனாபாய், நாமாவின் தாசி ஜனி என்று தம் ஊழியத்தையும் பெயரையும் சேர்த்தே சொன்னார். சோயராபாய் பல பாடல்களில் சோகாவின் மகாரி என்றே முடித்தார். கணவரின் பெயரும் சாதியின் பெயரும் இருக்கின்றன; அவருடைய பெயர் இல்லை.

இதை இருவிதமாகப் படிக்கலாம். பெண்ணுக்குத் தனிப் பெயர் தேவையில்லை என்ற ஆணாதிக்க வழக்கத்துக்கு அவரும் உட்பட்டிருந்தார் என்பது ஒரு படிப்பு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முத்திரை என்பது பாடலின் உரிமைச் சீட்டு. அந்த இடத்தில், ஊரார் இழிவாகக் கூவி அழைத்த சொல்லைத் தாமே எழுதி வைக்கும்போது அச்சொல்லின் வேலை மாறுகிறது. கடவுளைப் பற்றிய உயர்ந்த ஞானத்தைச் சொல்பவள் ஒரு மகாரி என்பதை ஒவ்வொரு பாடகரும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லை நீக்கினால் பாடல் முடிவு பெறாது. வீட்டு வாசலில் அவர் நிழலையும் அஞ்சிய சாதிகளின் நாவில் அவர் சாதிப்பெயர் ஏழு நூற்றாண்டுகளாகக் குடியிருக்கிறது.

இங்கே ஓர் ஒப்பீடு தேவை. 16ஆம் நூற்றாண்டில் ஏகநாதர் என்ற பிராமணக் கவிஞர், மகர் ஒருவர் பேசுவதுபோல் பல பாருட் பாடல்களை இயற்றினார். சாதி ஆணவத்தைக் கண்டிக்கும் நல்லெண்ணம் அவற்றில் உண்டு. ஆனால் பாடி முடித்ததும் ஏகநாதர் அந்த வேடத்தைக் களைந்துவிட்டு ஏகநாதராகவே வீடு திரும்பலாம். சோயராபாய்க்குக் களைய வேடம் ஏதும் இல்லை. பரிவுடன் எழுதப்படும் இலக்கியத்துக்கும் பட்டறிவிலிருந்து எழுதப்படும் இலக்கியத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி இன்றைய தலித் இலக்கியம் நடத்தும் விவாதத்தின் பழைய சான்று இது.

பேறுகால வீட்டில் யார் இருந்தார்கள்?

சோயராபாயின் வாழ்வில் நாம் அறிந்த நிகழ்வுகளில் முதன்மையானது மகனின் பிறப்பு. நெடுங்காலம் குழந்தையில்லாமல் அவர் வருந்தியதும், விட்டலனிடம் முறையிட்டதும் அவர் பாடல்களின் பொருளாகின்றன. மரபுக்கதை இதை இவ்வாறு விரிக்கிறது. சோகாமேளர் வீட்டில் இல்லாத நேரத்தில், பசித்த முதிய பிராமணராக விட்டலன் வந்து சோறு கேட்கிறான். மகர் வீட்டுச் சோற்றை எப்படிக் கொடுப்பது என்று சோயராபாய் தயங்குகிறார். வந்தவர் வற்புறுத்தவே, இருந்ததைக் கொடுக்கிறார். உண்டு மகிழ்ந்தவர் மகப்பேற்றுக்கு வாழ்த்திச் செல்கிறார்.

பிறகு சோயராபாய் கருவுறுகிறார். பேறுகாலம் நெருங்கும்போது கணவர் வீட்டில் இல்லை. அவர் தங்கை நிர்மலாவின் ஊருக்குச் சென்றுவிடுகிறார். வலியோடு தனியே கிடந்த சோயராபாயின் வீட்டுக்கு விட்டலன் நாத்தனார் நிர்மலாவின் உருவில் வந்து, மருத்துவச்சியாக இருந்து, பிள்ளைப்பேற்றின் எல்லா வேலைகளையும் செய்கிறான். உண்மையான நிர்மலா பின்னர் வந்து சேர்ந்தபோதுதான், முன்பு வந்தது யார் என்பது புரிகிறது.

பக்தர்கள் இக்கதையில் இறைவனின் கருணையைக் காண்பர். கதை எதிலிருந்து புறப்படுகிறது என்பதையும் நாம் காண வேண்டும். பேறுகால வலியில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். கணவர் அருகில் இல்லை. ஊரிலிருந்து யாரும் வரமாட்டார்கள். ஏனெனில் அவள் மகர். அதற்குமேல் பிள்ளைப்பேற்றுத் தீட்டு வேறு. தீட்டின் மேல் தீட்டாகக் கிடந்த அந்த உடலைத் தொட்டுத் தூக்க ஒரு கை வேண்டியிருந்தது. அந்தக் கை எந்த மனிதரிடமும் கிடைக்காததால் கடவுளின் கையாகக் கற்பனை செய்யப்பட்டது. குருதியையும் நஞ்சுக்கொடியையும் அருவருக்காமல் கையில் ஏந்தும் கடவுள், தீட்டுக்கு அஞ்சிக் கருவறைக்குள் பூட்டப்பட்ட கடவுளாக இருக்க முடியாது. கோயிலார் காத்த விட்டலனும் சோயராபாய் கண்ட விட்டலனும் ஒருவரல்லர்.

தீட்டுக்கு வெளியே பிறந்தவர் யார்?

இந்தப் பட்டறிவோடுதான் அவருடைய தீட்டுப் பாடலை நாம் அணுக வேண்டும். தமிழில் தீட்டு என்ற ஒரே சொல் மாதவிடாயையும், பிள்ளைப்பேற்றையும், சாவையும், தாழ்த்தப்பட்டவரின் தீண்டலையும் குறிக்கிறது. மராத்தியிலும் அப்படியே, பெண்ணின் மாதவிடாய்க்கும் மகரின் தீண்டலுக்கும் ஒரே சொல்தான். இந்த மொழி ஒற்றுமை தற்செயலானதன்று. பெண்ணுடலையும் தலித் உடலையும் விலக்கி வைத்த சட்டம் ஒன்றே என்பதற்கு மொழியே சாட்சி.

சோயராபாயின் வாதம் எளிமையானது. அதனாலேயே தப்பிக்க முடியாதது. உடல் தீட்டுடையது என்றும் ஆன்மா தூயது என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும், என்று அவர் தொடங்குகிறார். தீட்டு உடலில்தான் இருக்கிறது என்றால், அது உடலோடு சேர்ந்தே பிறக்கிறது. தீட்டு இல்லாத பிறப்பிடம் இவ்வுலகில் இல்லை. தீட்டுக்கு வெளியே உருவான உடல் ஒன்றுமில்லை. அப்படியானால், தூய உடலோடு பிறந்தவர் என்று யார் உரிமை கொண்டாட முடியும்?

இவ்வாதத்தின் ஆற்றல் எங்கே இருக்கிறது? சோயராபாய் தம்மைத் தூயவர் என்று நிறுவ முயலவில்லை. நாங்களும் குளிக்கிறோம், நாங்களும் இறைச்சியை விட்டுவிட்டோம், ஆகவே எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற விண்ணப்பம் அவருடைய பாடலில் இல்லை. தூய்மை என்ற அளவுகோலையே அவர் முறிக்கிறார். எந்தப் பூசகரும் ஒரு பெண்ணின் குருதியில் புரண்டே இவ்வுலகுக்கு வந்தார். அந்தக் குருதி தீட்டென்றால் அவரும் தீட்டு. அது தீட்டில்லை என்றால் சோயராபாயும் தீட்டில்லை.

சோகாமேளரும் தீட்டைக் கேள்விக்குள்ளாக்கியவர்தான். வேதமும் சாத்திரமும் தீட்டுக்குத் தப்பவில்லை என்று பாடும் துணிவு அவருக்கு இருந்தது. மனைவியின் பாடலில் கூடுதலாக இருப்பது பெண்ணுடலின் அறிவு. மாதவிடாயும் பிள்ளைப்பேறும் கண்ட ஒருவர், பிறப்பிடத்தைச் சுட்டிக்காட்டும்போது அது தத்துவத்தின் உவமையாக நின்றுவிடுவதில்லை.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். சாதி இந்துப் பெண்ணின் தீட்டுக்கு ஒரு முடிவு உண்டு. நான்காம் நாள் தலை முழுகினால் அவள் மீண்டும் அடுப்படிக்கும் பூசையறைக்கும் திரும்பலாம். மகர் பெண்ணின் தீட்டு எத்தனை முறை முழுகினாலும் தீராது. பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை அது தொடரும். இந்த இரண்டையும் ஒரே உடலில் சுமந்தவருக்குத்தான் இரண்டும் எங்கே ஒன்று, எங்கே வேறு என்பது தெரியும். மேல்சாதிப் பெண் கவிஞர்கள் பாடாத இடத்தைச் சோயராபாய் பாடியதற்குக் காரணம் இதுவே.

கணவர், மனைவி, மகன்

ஒரே குடும்பத்தின் பாடல்களை அடுத்தடுத்துப் படித்தால் ஒரு சிந்தனை வளர்ச்சி தெரிகிறது. சோகாமேளர் சில பாடல்களில் தம் இழிபிறப்புக்கு முற்பிறவித் தவறே காரணம் என்று வினைக் கொள்கையை ஏற்றுக்கொள்கிறார். பிற்காலத் தலித் இயக்கம் அவரிடமிருந்து விலகியதற்கு இந்தப் பாடல்கள் முக்கியக் காரணம். சோயராபாயின் தீட்டுப் பாடலில் முற்பிறவிக்கு இடமில்லை. அவர் இப்பிறவியின் உடலை வைத்தே வழக்காடுகிறார். மகன் கர்மமேளர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். எங்களை இழிந்தவராக்கி எச்சில் சோற்றை உண்ண வைத்த உனக்கு வெட்கமில்லையா என்று விட்டலனையே குற்றக் கூண்டில் ஏற்றுகிறார். பணிவிலிருந்து கேள்விக்கும், கேள்வியிலிருந்து சினத்துக்கும் ஒரு வீட்டுக்குள்ளேயே வழி திறந்தது. நடுவில் நின்றவர் தாய்.

ஆனால் பிற்கால வரலாற்றாசிரியர்கள் அவரை எப்படி நினைவில் வைத்தார்கள்? 1762இல் மகிபதி இயற்றிய பக்தவிஜயம், தமிழிலும் கதாகாலட்சேபங்கள் வழியே பரவிய நூல். அதில் ஒரு கதை. விட்டலன் சோகாமேளரின் வீட்டில் உண்டுகொண்டிருக்கிறான். பரிமாறும் மனைவி தயிரைச் சிந்திவிட, ஆண்டவனின் பட்டாடை நனைகிறது. கணவர் கடிந்துகொள்கிறார். அவ்வழியே சென்ற பிராமணர் அதைக் கேட்டு, மகர் ஒருவர் கடவுளோடு உண்பதாகப் பாசாங்கு செய்கிறார் என்று எண்ணிச் சோகாமேளரின் கன்னத்தில் அறைகிறார். கோயிலுக்குச் சென்று பார்த்தால் வீங்கியிருப்பது விட்டலனின் கன்னம்.

தலித் ஒருவர் மேல் விழுந்த அடி கடவுளின் மேல் விழுந்ததாகச் சொல்லும் இக்கதையில் அறத்தின் குரல் இருக்கிறது. ஆனால் தீட்டின் இலக்கணத்தையே உடைத்த கவிஞர் இங்கே தயிரைச் சிந்தும் மனைவியாக மட்டும் வருகிறார். இதை மகிபதி ஒருவரின் தவறு என்று நாம் சொல்லவில்லை. பெண்ணின் சிந்தனையைப் பெண்ணின் சமையலாக மாற்றிவிடுவது நம் வரலாற்றெழுத்தின் நெடுநாள் பழக்கம்.

இடிந்த மதிலும் மூடிய வாசலும்

1338இல் மங்கள்வேடாவில் மதில் கட்டும் வேலைக்கு மகர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். மதில் இடிந்து விழுந்தது. அடியில் சிக்கி மாண்ட கூலிகளில் சோகாமேளரும் ஒருவர். மராட்டியத்தின் பெருங்கவிஞர் ஒருவர், உயிரோடு இருந்தவரை கூலியாகவே நடத்தப்பட்டு, கூலியாகவே இறந்தார். இன்று கழிவுநீர்க் குழிகளிலும் கட்டட இடிபாடுகளிலும் மடியும் தொழிலாளர்களின் சாதியைப் பார்க்கும்போது, அந்த மதில் இன்னும் இடிந்துகொண்டிருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது.

நாமதேவர் இடிபாடுகளில் எலும்புகளைத் தேடினார். எந்த எலும்பிலிருந்து விட்டலனின் பெயர் ஒலித்ததோ அது சோகாமேளருடையது என்று அடையாளம் கண்டு, பண்டரிபுரம் கோயிலின் பெருவாசலுக்கு முன்னே அடக்கம் செய்தார் என்பது மரபு. நட்பின் உயர்ந்த அடையாளம் அது. ஆனால் அந்தச் சமாதியும் வாசலுக்கு வெளியேதான் இருந்தது. அதன்பின் பல நூற்றாண்டுகளுக்கு மகர் யாத்திரிகர்களின் எல்லைக்கல்லாக அந்தச் சமாதியே ஆனது. அதைக் கடந்து அவர்கள் ஓர் அடியும் வைக்கக்கூடாது. விலக்கப்பட்டவரின் கல்லறையையே விலக்கின் எல்லையாக்கிய கொடுமையை என்னவென்று சொல்வது?

அந்த வாசல் 1947இல்தான் திறந்தது. சானே குருஜி அவ்வாண்டு மே மாதம் பண்டரிபுரத்தில் உண்ணாநோன்பிருந்தார். பத்து நாள்களுக்குப் பின் கோயில் தலித் மக்களுக்குத் திறக்கப்பட்டது. சோகாமேளர் இறந்து 609 ஆண்டுகள் ஆகியிருந்தன. பரம்பரைப் பூசை உரிமை முடிவுக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதை முடித்துவைத்த பிறகே, பிற சாதியினரும் பெண்களும் அங்கே பூசகராகும் வழி பிறந்தது.

அம்பேத்கருக்குப் பின் சோயராபாய்

பாடல் வாசலைத் திறக்கவில்லை என்ற உண்மையை முதலில் நேராகப் பார்த்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் பிறந்ததும் மகர் சாதியில்தான். 1948இல் வெளியான தீண்டத்தகாதார் யார் என்ற ஆய்வு நூலை அவர் நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். தமிழகத்து நந்தனும் மராட்டியத்துச் சோகாவும் ஒரே வரிசையில் நின்றது அங்கேதான். ஆனால் அவர்களை மதித்த அம்பேத்கர் அவர்கள் சென்ற வழியில் செல்லவில்லை. கோயில் வாசலில் காத்திருப்பதை விட்டு, 1927இல் மகாடு குளத்தில் இறங்கி நீர் அருந்தினார்; அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது; 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பல லட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். பௌத்தரான மகர்களில் பெரும்பாலோர் பண்டரிபுர யாத்திரையை விட்டனர். விட்டலனோடு சோகாமேளரும் பின்னுக்குச் சென்றார்.

அந்த முடிவு சரியானது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் யாத்திரையை விட்ட கையோடு சோயராபாயையும் விட்டுவிட வேண்டுமா? அவருடைய பாடல் கடவுளை நோக்கி முடிகிறது என்பது உண்மை. எனினும் கடவுளை எட்டும் முன்பே அது எழுப்பிய வாதம் முழுமையானது; அந்த வாதத்துக்குக் கடவுள் தேவையில்லை. எல்லா உடலும் ஒரே வழியில் பிறந்தது என்பதை அறிய நம்பிக்கை வேண்டியதில்லை, நேர்மை போதும்.

அதன் தொடர்ச்சியை நாம் தற்காலத்திலும் காணலாம். பேபி காம்ப்ளே என்ற மகர் பெண், தம் சமூகத்துப் பெண்களின் பசியையும் உழைப்பையும் பேறுகாலத் துயரங்களையும் மராத்தியில் தன்வரலாறாக எழுதினார். எழுதியதைக் கணவரும் மற்றவரும் காணாதபடி இருபது ஆண்டுகள் மறைத்து வைத்திருந்ததாக அவரே பின்னர் தெரிவித்தார். 1980களில் அது வெளிவந்தபோது, சோகாவின் மகாரியின் குரல் இம்முறை சொந்தப் பெயரோடு ஒலித்தது.

2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் சோயராபாயின் கேள்வியே அங்கே நின்றது. மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்களை விலக்குவதும் அரசமைப்பின் 17ஆம் பிரிவு தடைசெய்த தீண்டாமையின் ஒரு வடிவமே என்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதினார். அப்பிரிவு சாதித் தீண்டாமையை மட்டுமே குறிக்கும் என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா மாறுபட்டார். இரண்டையும் ஒன்றாக்கினால் சாதியின் கொடுமை நீர்த்துப்போகும் என்ற அச்சம் தலித் இயக்கத்தினரிடமும் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. நான்கு நாள் விலக்கும் வாழ்நாள் விலக்கும் ஒரே எடையுடையன அல்ல. ஆனால் எடை வேறாக இருப்பதால் வேர் வேறு என்று ஆகிவிடாது. சோயராபாய் இந்த இரண்டையும் குழப்பவுமில்லை, பிரிக்கவுமில்லை. வேரைக் காட்டினார்.

தமிழ் வாசகர்களாகிய நாம் நம் மரபையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அறுபத்து மூன்று நாயன்மார்களில் பெண்கள் மூவர். காரைக்கால் அம்மையார் வணிகர் குலம், மங்கையர்க்கரசியார் அரசி, இசைஞானியார் ஆதிசைவ மரபினரான சுந்தரரின் தாய். நந்தனார் தீயில் இறங்கி மறைந்த கதை நமக்குத் தெரியும். அவர் சேரியின் பெண்கள் என்ன பாடினார்கள் என்பதைக் கேட்டு எழுதி வைக்க ஒரு சேக்கிழார் முன்வரவில்லை. நாற்று நடும்போதும் பிணத்தின் முன்னே மாரடிக்கும்போதும் அவர்கள் பாடியவை இன்றும் முதிய பெண்களின் நினைவில் இருக்கின்றன. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் தம் பாட்டிமார்களிடம் அமர்ந்து அவற்றைக் கேட்டு எழுதலாம். பாடியவரின் பெயரையும் தவறாமல் எழுதுங்கள்.

ஏனெனில், ஏழு நூற்றாண்டுகளாகச் சோகாவின் மகாரி என்றே பாடப்பட்டவருக்கு ஒரு பெயர் இருந்தது. அடுத்த முறை அந்த நிறப்பாடல் உங்கள் செவியில் விழும்போது, இறுதி அடியில் வரும் சாதிப்பெயரைக் கேட்டுத் தலைகுனிய வேண்டியவர்கள் நாம் அல்லர். அச்சொல்லுக்குப் பின்னால் நிற்பவரின் பெயரை நாம் உரக்கச் சொல்வோம்: சோயராபாய்.